மதுரை ரோட்டுக்கு எந்த ஹேண்டில்பார்? விழுந்தால் என்ன ஆகும் என்பதை வைத்து ஓர் ஒப்பீடு

கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டிக்குப் பேர் கொடுத்தவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கட்டாயம் கேட்கும் கேள்வி இது: "அண்ணே, இருக்கிற ரோடு பைக்கிலேயே ஏரோ பார் மாட்டிக்கிடவா, இல்ல டிடி பைக்கே எடுத்துரவா?" ஏரோ பார் என்பது ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டி மாட்டும், முழங்கையை ஊன்றிப் படுத்து ஓட்டுவதற்கான கம்பி. டிடி பைக் என்பது அந்தக் கம்பியோடேயே வரும், நேரத்துக்கு எதிராகத் தனியாக ஓட்டும் போட்டிகளுக்கான சைக்கிள். நீச்சல் 1.9 கிலோமீட்டர், சைக்கிள் 90, ஓட்டம் 21.1 என்று மூன்றும் அடுத்தடுத்து வரும் இந்த ட்ரையத்லான் போட்டியில் சைக்கிளுக்குத்தான் நேரம் அதிகம் போகிறது, அதனால் கேள்வி நியாயமானதுதான். இன்னொரு பக்கம், காலையில் உடற்பயிற்சிக்காக ஓட்ட ஆரம்பித்தவர்கள் நேர்க் கம்பி வைத்த ஹைப்ரிட் போதுமா, வளைந்த கம்பி வைத்த ரோடு பைக் வேண்டுமா என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் சரி, யூடியூபும் சரி, இதற்குப் பதில் சொல்வது வேகம், எடை, விலை இந்த மூன்றை வைத்துத்தான்.

நான் இங்கே அந்த மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டே விஷயங்களை வைத்துப் பார்க்கப் போகிறேன். ஒன்று, எதிர்பாராதது குறுக்கே வரும் நொடியில் உங்கள் விரல் பிரேக் லீவர் மேல் இருக்குமா? இரண்டு, விழும்போது அந்தக் கம்பியின் முனை யாருடைய உடம்பைப் பார்த்துத் திரும்பும்? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு சைக்கிள்தான் வைத்துக்கொள்ள முடியும், அதை மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ட்ராப் பார், அதாவது ரோடு பைக்கின் வளைந்த கம்பி, வாங்குங்கள். ஏரோ பார் வேண்டுமென்றால் அது போட்டிக்கும் அதற்கு முந்திய சில வாரங்களுக்கும் மட்டும், அதுவும் நான் கீழே சொல்லும் நிபந்தனைகளோடு.

நம் ரோட்டில் ஆட்கள் எப்படி விழுகிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், அதுவும் மரநிழலில், அதுவும் விடிந்தும் விடியாத நேரத்தில். ரிங் ரோட்டின் ஓரத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல். ஊருக்குள் நுழையும்போது துரத்தும் நாய், துரத்தாமல் குறுக்கே மட்டும் ஓடும் நாய். கை காட்டினவுடன் இருந்த இடத்திலேயே நிற்கும் ஷேர் ஆட்டோ. நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி, அதே ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் டூவீலர். உசிலம்பட்டிப் பக்கம் போனால் அறுவடைக் காலத்தில் கொள்ளையும் சோளத்தையும் ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள், வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று. அந்தத் தாள் சைக்கிளின் பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, செயினைக் கியர் மாற்றும் டிரேலியரோடு இழுத்துவிடும், முன் சக்கரமோ அதன் மேல் வழுக்கும். இவை எல்லாவற்றிலும் பொதுவாக நடப்பது ஒன்று. முன் சக்கரம் திடீரென நிற்கிறது அல்லது ஒரு பக்கமாகத் திரும்புகிறது, ஓட்டுகிறவரின் உடம்பு மட்டும் அதே வேகத்தில் முன்னால் போகிறது, இடையில் ஹேண்டில்பார் இருக்கிறது.

முதலில் நேர்க் கம்பி, அதாவது ஃப்ளாட் பார். ஹைப்ரிட்டிலும் எம்டிபி எனும் மலைப்பாதை சைக்கிளிலும் வருவது. இதன் பெரிய பலம், கை வைக்க ஒரே ஒரு இடம்தான், அந்த இடத்திலேயே பிரேக்கும் இருக்கிறது. கோரிப்பாளையம் சிக்னலில் இருந்து சிம்மக்கல் வரை போய்ப் பாருங்கள், விரலை லீவரிலிருந்து எடுக்கவே மாட்டீர்கள். நிமிர்ந்து உட்காருவதால் முன்னால் போகும் கார்களுக்கு மேலாகப் பார்க்கலாம். கம்பி அகலமாக இருப்பதால் குண்டும் குழியும் திருப்பிவிட்டாலும் பிடித்து நேராக்கலாம். புதிதாக ஓட்ட ஆரம்பிப்பவருக்கு, ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, தினமும் வேலைக்குப் போய் வருபவருக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

இதன் குறை அகலத்திலேயே இருக்கிறது. ஹைப்ரிட்களில் 60 முதல் 68 சென்டிமீட்டர், எம்டிபியில் 70க்கு மேலும் வருகிறது. மாசி வீதிகளில் நிற்கிற பைக்குகளின் கண்ணாடிக்கும் போகிற ஆட்டோவுக்கும் நடுவில் அவ்வளவு இடம் கிடையாது. கம்பியின் ஒரு முனை எதிலாவது உரசினால் போதும், முன் சக்கரம் அந்தப் பக்கமாகச் சட்டென்று மடங்கி உங்களைக் கம்பிக்கு மேலாகத் தூக்கிப் போட்டுவிடும், வேகம் 15 கிலோமீட்டர்தான் இருந்தாலும். நகருக்குள்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் சமமாக அறுத்துக் குறைத்துக்கொள்ளலாம், தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும். ஆனால் அறுத்த வாயை அரத்தால் தேய்த்து, மூடி போட்ட பிறகுதான் கடையைவிட்டு நகர வேண்டும். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் நான் மிகவும் கவலைப்படும் விஷயம் அதுதான், அது ட்ரையத்லான் ஆட்களைப் பற்றியது கூட இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைப் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளாக இருந்தாலும் கடையில் வாங்கியதாக இருந்தாலும், சுவரில் சாய்த்து வைத்து, ஸ்டாண்டு சரிந்து, கீழே விழுந்து விழுந்து ஓராண்டுக்குள் ரப்பர் கிரிப்பின் நுனி கிழிந்திருக்கும். உள்ளே இரும்புக் குழாயின் வாய் வட்டமாகத் தெரியும். விளிம்பில் கொஞ்சம் துரு, கொஞ்சம் மண். பிள்ளை மெதுவாகத்தான் போகிறது, தெருமுனையில் திரும்பும்போது முன் சக்கரம் மடங்குகிறது, சக்கரம் மடங்கியதும் கம்பியின் ஒரு முனை வயிற்றைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது, மறுமுனை தரையில் ஊன்றிக்கொள்கிறது. விழும் உடம்பின் முழு எடையும் ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள வட்டத்தின் மேல் இறங்குகிறது.

பிள்ளைகளுக்கு வயிற்றுத் தசை மெல்லியது, விலா எலும்புகள் வளையும் தன்மை கொண்டவை, அதனால் அடி நேராக உள்ளுறுப்புகளுக்குப் போகிறது. கல்லீரலும் மண்ணீரலும் கிழியலாம், குடல் ஓட்டையாகலாம். கணையம் முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது, கம்பி முனை அதை முதுகெலும்போடு சேர்த்து நசுக்கிவிடும். தோல் கிழியாமலேயே உள்ளே வயிற்றுச் சுவர் மட்டும் பிளந்து குடல் பிதுங்குவதும் உண்டு. இதில் மிக மோசமானது, வெளியே பார்த்தால் ஒரு சின்ன வட்டத் தழும்பு மட்டும்தான் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. கணையத்தில் பட்ட அடியும் சிறுகுடல் சுவரில் கட்டிய இரத்தமும் உடனே காட்டிக்கொடுக்காது, மறுநாள் வாந்தியாகவோ வலியாகவோதான் வெளிவரும். அதற்குள் பிள்ளை திட்டு விழும் என்று பயந்து "ஒண்ணும் இல்லம்மா, லேசா இடிச்சிருச்சு" என்று சொல்லியிருக்கும். சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையிடம் முழங்காலை மட்டும் பார்க்காதீர்கள், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். வட்டமாகத் தடம் இருந்தாலோ, வயிறு வலிக்கிறது என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்துச் சுருண்டு படுத்தாலோ மருத்துவமனைக்குப் போய், கையோடு "ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். சும்மா விழுந்துவிட்டான் என்று சொன்னால் ஸ்கேன் எடுக்கத் தோன்றாமல் போகலாம்.

இதைத் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. நுனி மூடிய, நுனி தடித்த கிரிப் ஒரு ஜோடி போதும். கிழிந்த அன்றே மாற்றுங்கள், கடை திறக்கும் வரை ஒரு மரக்கட்டையைச் சீவி அடித்து மூடி வையுங்கள். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210 கம்பியின் இரு முனையிலும் கிரிப்போ மூடியோ இருக்க வேண்டும், அது இழுத்தால் கழன்று வரக்கூடாது என்று சொல்கிறது. போட்டிகளிலும் இதே விதிதான். உலக சைக்கிள் பந்தயச் சங்கமான யுசிஐ நடத்தும் போட்டியானாலும் ட்ரையத்லான் ஆனாலும் முனை திறந்திருந்தால் சைக்கிளை உள்ளே விட மாட்டார்கள். மூடி இல்லாத குழாய் பெரியவர் தொடையில் குத்தினாலும் வட்டமாகச் சதையை வெட்டி எடுத்துவிடும் என்பதால்தான் இந்தக் கறார்.

சரி, ட்ராப் பார். பார்ப்பதற்கு ரேஸ்காரர்களுக்கானது போல் இருக்கும், அதனாலேயே பலர் பயப்படுகிறார்கள். ஆனால் நான் ஏற்கெனவே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் நம் ரோட்டில் மிக நல்ல பதிலைத் தருவது இதுதான். இதில் கை வைக்க மூன்று இடம். லீவரின் ரப்பர் மூடி மேல், அதாவது ஹூட்ஸில். கீழே வளைவுக்குள், அதாவது ட்ராப்ஸில். அப்புறம் மேலே நேர்ப்பகுதியில். முதல் இரண்டிலும் விரல் பிரேக்கைத் தொடும். கீழே வளைவுக்குள் பிடித்திருந்தால் இன்னொரு நன்மை, கட்டைவிரலும் மற்ற விரல்களும் கம்பியைச் சுற்றிப் பூட்டிக்கொள்கின்றன, கவனிக்காத ஸ்பீடு பிரேக்கரில் சைக்கிள் குதித்தாலும் கை நழுவாது, பிரேக் லீவரையும் இன்னும் வலுவாக இழுக்கலாம். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்கள் ஹூட்ஸில் பிடித்து இறங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை கீழே பிடித்து இறங்கிப் பார்க்கட்டும், முன்கையில் வலி எவ்வளவு குறைகிறது என்று தெரியும். முனைகள் பக்கவாட்டில் நீட்டாமல் பின்னோக்கி இருப்பதால் கண்ணாடியிலும் ஆட்டோவிலும் மாட்டுவது குறைவு. விழும்போது தொடையிலும் முழங்காலிலும் குத்தலாம், அதற்கு மூடி இருக்கிறது. பார் டேப் சுற்றும்போது மூடியை டேப்பின் நுனியோடு சேர்த்து அடித்து இறுக்க வேண்டும், பலருடைய சைக்கிளில் ஒரு பக்க மூடி எங்கேயோ விழுந்துபோய் இருப்பதைப் பார்க்கிறேன்.

மூன்றாவது இடமான மேல்பகுதியில்தான் ஆபத்து. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது அங்கே பிடிப்பது சுகம், அதில் தப்பில்லை. அழகர்கோவில் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பக்கம் மலைக்குப் போகும் வேன்கள், ஒரு பக்கம் நடைபயிற்சிக்காரர்கள், அந்த நெரிசலில் மேலே பிடித்துக்கொண்டு பேசியபடி போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். பிரேக் அங்கே கிடையாது. அதைவிட மோசம், மேல்பகுதியில் முன்கைகளைப் படுக்க வைத்துக்கொண்டு, ஏரோ பார் இருப்பது போல் ஓட்டுவது. தொழில்முறை வீரர்களுக்கே யுசிஐ 2021 ஏப்ரல் முதல் இதைத் தடை செய்துவிட்டது. பிடி எதுவும் இல்லாமல் கை வெறுமனே கம்பி மேல் கிடக்கிறது, ஒரு கல் போதும்.

அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றைக் கிழிக்கும் என்று குறுகலான கம்பி வாங்கும் மோகம் இப்போது இங்கேயும் வந்துவிட்டது. யுசிஐ 2023 முதல் குறைந்தபட்சம் 350 மில்லிமீட்டர் என்றது, 2026 முதல் ரோடு போட்டிகளுக்கு 400 என்று ஏற்றிவிட்டது. கூட்டமாக ஓட்டும்போது குறுகலான கம்பியில் சைக்கிளைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பதும் அதற்குக் காரணம். தோள் எலும்பின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை அளந்து, 40, 42 சென்டிமீட்டர் என்று அதற்கேற்ற அளவை வாங்குங்கள். போதும்.

இனி ஏரோ பார். 1989 டூர் தெ பிரான்ஸின் கடைசி நாள், கிரெக் லெமாண்ட் ட்ரையத்லான்காரர்கள் பயன்படுத்தும் இந்தக் கம்பியை மாட்டிக்கொண்டு தனி ஓட்டத்தில், அதாவது ஒவ்வொருவராகத் தனியே சைக்கிள் ஓட்டி நேரம் பார்க்கும் சுற்றில், இறங்கி, லோரான் ஃபின்யோனை மொத்தத்தில் 8 நொடியில் தோற்கடித்தார். அதன் பிறகு அதை யாரும் சந்தேகிக்கவில்லை. சமதளத்தில் சைக்கிள்காரருக்கு முதல் எதிரி காற்று, அதில் பெரும்பங்கை வாங்குவது சைக்கிள் அல்ல, உடம்பு. முழங்கையை ஏரோ பாரின் பேடில், அதாவது மெத்தைத் தாங்கியில், வைத்து, முதுகைத் தாழ்த்தி, கைகளை ஒடுக்கினால் அதே உழைப்புக்கு வேகம் கூடுகிறது. 90 கிலோமீட்டரில் அது நிமிடக் கணக்கில் வித்தியாசம் தரும். இதை நான் மறுக்கவில்லை, போட்டிக்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆனால் அந்த நிலையில் உங்கள் கை நீட்டுக் கம்பியின் நுனியில் இருக்கிறது, பிரேக் அங்கே இல்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, முழங்கையைப் பேடிலிருந்து எடுத்து, எடையைப் பின்னுக்குக் கொண்டுவந்து, கையைப் பக்கத்துக்கு நகர்த்தி, லீவரைத் தேடிப் பிடிக்க ஒரு நொடி கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்தைக் கடந்துவிடுகிறீர்கள். அதோடு தலை தாழ்ந்திருப்பதால் பார்ப்பதும் தாமதம். இரண்டு கையும் நடுவில் ஒடுங்கியிருப்பதால் சக்கரத்தைச் சட்டென்று விலக்கவும் முடியாது.

எகன் பெர்னால் 2019 டூர் தெ பிரான்ஸ் சாம்பியன். 2022 ஜனவரியில் தன் சொந்த நாடான கொலம்பியாவில், தனக்குப் பழகிய ரோட்டில், டிடி பைக்கில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். வேகம் 60 கிலோமீட்டருக்கு மேல். முன்னால் ஓரமாக நின்றுவிட்ட ஒரு பஸ்ஸின் பின்புறத்தில் நேராக மோதினார். முதுகெலும்பு, தொடை எலும்பு, முழங்கால் சில்லு, விலா எலும்புகள் எல்லாம் முறிந்தன, நுரையீரலில் துளை. அடுத்த போட்டிக்கு வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. உலகத்திலேயே சைக்கிளை மிக நன்றாகக் கையாளத் தெரிந்தவர்களில் ஒருவர் அவர். ஓரமாக நின்ற பஸ் என்பது திருமங்கலம் ரோட்டிலும் மேலூர் ரோட்டிலும் எத்தனை இடத்தில் நடப்பது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பெரிய சைக்கிள் வீரர் கிறிஸ் ஃப்ரூம் விஷயமும் இதே வகைதான். 2019 ஜூனில் பிரான்ஸில், தோஃபினே போட்டியின் தனி ஓட்டப் பாதையை முன்கூட்டிப் பார்க்க டிடி பைக்கில் இறங்கிக்கொண்டிருந்தார். மூக்கைச் சிந்த ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தார், அதே நொடியில் பக்கக் காற்று முன் சக்கரத்தைத் தள்ளியது, சுவரில் மோதினார். தொடை எலும்பு, முழங்கை, விலா. நம் பக்கத்தில் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாய் பக்கம் காற்றாலை நிறுத்தியிருப்பதே அந்தக் காற்றுக்காகத்தான். ஆனியிலும் ஆடியிலும் ஆழமான ரிம் வைத்த சக்கரத்தோடு அந்த ரோட்டில் முழங்கையில் படுத்துக்கொண்டு போவதை எந்த விதத்திலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏரோ பாரின் நீட்டுக் கம்பிகளே ஒரு தனி ஆபத்து. கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் நின்றால், அந்த இரண்டு நுனிகளும் அவர் இடுப்பையோ முதுகையோ பார்த்து ஈட்டி மாதிரி நிற்கின்றன. அதனால்தான் யுசிஐ கூட்டமாக ஓட்டும் ரோடு போட்டிகளில் இதை அனுமதிப்பதில்லை, ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போக அனுமதி உள்ள எலைட் ட்ரையத்லானிலும் ட்ராப் பார்தான். தனித்தனியாக ஓட்டும் ட்ரையத்லானில்கூட முன் சக்கரத்தின் முன் விளிம்பைத் தாண்டி நீளக்கூடாது, நுனி மூடியிருக்க வேண்டும். நம் காலை நேரக் குழுக்களில் இந்த விதியை நாமே போட்டுக்கொள்ளலாம். யாராவது ஏரோ பாரோடு வந்தால், குழுவில் இருக்கும் வரை அதில் படுக்கக்கூடாது, படுக்க வேண்டுமென்றால் பின்னால் விலகித் தனியாக வரட்டும்.

முழு டிடி பைக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் பிரேக் இருப்பது பக்கத்துக் கொம்புகளில், அங்கே பிடித்தால் ஓரளவு பரவாயில்லை, ஆனால் அங்கே பிடித்து ஓட்டுவதற்காக யாரும் டிடி பைக் வாங்குவதில்லை. கியர் மாற்றும் பொத்தான் பல மாடல்களில் நீட்டுக் கம்பி நுனியில் மட்டும்தான், அதனால் போக்குவரத்து நெரிசலில்கூடக் கை அங்கே போய் வந்துகொண்டிருக்கும். ஆண்டுக்குப் பல போட்டிக்குப் போகிறவர், வீட்டில் இன்னொரு ரோடு பைக்கும் வைத்திருப்பவர் வாங்கட்டும். முதல் போட்டிக்காக, இருக்கும் ஒரே சைக்கிளை விற்றுவிட்டு டிடி எடுக்கிறேன் என்று சொல்பவரை நான் உட்கார வைத்துப் பேசித் தடுக்கத்தான் பார்ப்பேன்.

எந்த உலோகம், எந்தப் பொருள் என்பதிலும் பாதுகாப்பு இருக்கிறது. நம் ஊர் வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட ஓட்டுகிறோம், மழைக்காலத்தில் வீட்டுக்குள் ட்ரெய்னரில், அதாவது சைக்கிளை நகராமல் நிறுத்தும் ஸ்டாண்டில், வைத்து ஓட்டும்போது இன்னும் அதிகம், காற்றே இல்லாததால் நெற்றியிலிருந்து நேராகக் கம்பி மேல் சொட்டுகிறது. அந்த உப்பு பார் டேப்புக்குள் இறங்கி அலுமினியத்தை அரிக்கும். டேப்பைப் பிரித்தால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், தட்டினால் குழி குழியாகத் தெரியும், குறிப்பாக லீவரின் கிளாம்ப் கவ்வியிருக்கும் இடத்திலும் கம்பியைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம் கவ்வியிருக்கும் இடத்திலும். அலுமினியம் திரும்பத் திரும்ப அதிர்வு வாங்கிக் களைத்துப் போகும் உலோகம், குழி விழுந்த இடத்தில் விரிசல் பிறக்கும், ஒரு நாள் ஸ்பீடு பிரேக்கரில் கம்பி கையோடு வந்துவிடும். குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை டேப்பைக் கழற்றிப் பார்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிட்டுப் புது டேப் சுற்றுங்கள். குழி இருந்தால் கம்பியையே மாற்றுங்கள், அதைவிடப் பெரிய செலவு கையெலும்புக்கு ஆகும்.

கார்பன் கம்பி துரு பிடிக்காது, அதிர்வும் குறையும், ஆனால் அடி பட்டால் உள்ளே உடைந்திருப்பதை வெளியே காட்டாது. ஒரு நல்ல விழுகை விழுந்த கார்பன் கம்பியை நம்பவே நம்பாதீர்கள். ஸ்டெம்மை ஆலன் கீயால் கை போன போக்கில் இறுக்குவதும் கார்பனைக் கொல்லும். பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் எழுதியிருக்கும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் கடையில் கொடுத்து இறுக்குங்கள். சைக்கிள் வீரர் மத்தியூ வான் டெர் போலுக்கு 2021 லெ சமைன் போட்டியில் ஓடும்போதே கார்பன் கம்பியின் ஒரு பக்கம் உடைந்தது. அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் வெலோட்ரோமில் ஆஸ்திரேலிய வீரர் அலெக்ஸ் போர்ட்டரின் டைட்டானியம் கம்பி உடைந்து முகம் தரையில் தேய விழுந்தார். தனித்தனி மெக்கானிக் வைத்திருப்பவர்களுக்கே இது நடக்கிறது என்றால், இணையத்தில் பேர் தெரியாத இடத்தில் பாதி விலைக்கு வரும் கார்பன் கம்பியை மாட்டிக்கொண்டு சிறுமலையிலிருந்து இறங்குவதை என்னவென்று சொல்ல. நல்ல அலுமினியக் கம்பி போதும், நம்மில் பெரும்பாலோருக்கு.

விழுந்தால் பெரியவர்களுக்கு எங்கே அடிபடும் என்பதும் கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டியதுதான். கம்பிக்கு மேலாகத் தூக்கிப் போடப்பட்டவர் தோளில் இறங்கினால் காரை எலும்பு, கையை ஊன்றினால் மணிக்கட்டு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு, முதல் எக்ஸ்ரேயில் அதன் முறிவு தெரியாமல் போவது சகஜம், இரத்த ஓட்டம் குறைவானதால் கவனிக்காமல் விட்டால் சேராமலே போகும். கட்டைவிரலை விரித்தால் அடியில் ஒரு பள்ளம் தெரியுமே, அதை அழுத்தி வலித்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவக் கொடுக்காதீர்கள், எலும்பு மருத்துவரிடம் போங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள். விழாமலே வரும் கோளாறு ஒன்றும் உண்டு. நேர்க் கம்பியில் கையை மாற்றாமல் மணிக்கணக்கில் அழுத்தினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும், உள்ளங்கையின் ஓரத்தில் நரம்பு நசுங்குவதால் வருவது. மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது, அதனால் இதுவும் விழுவதில்தான் போய் நிற்கும். தூரம் ஓட்டுகிறவருக்கு ட்ராப் பாரை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் 108க்குப் பேசுங்கள், செலவை நினைத்துத் தயங்க வேண்டாம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் ஆரம்பித்த அரசுத் திட்டம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனை தெரியாதவர் இங்கே யாரும் இல்லை.

இப்போது முதலில் வந்த கேள்விக்கு. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர், தினம் 10 கிலோமீட்டருக்குள் போய் வருபவர் நேர்க் கம்பியையே வைத்துக்கொள்ளுங்கள், அகலத்தைக் குறைத்து, முனையை மூடி. வாரக் கடைசியில் 50, 100 என்று போகிறவர், 200 கிலோமீட்டரைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கும் பிரெவே ஓட்டும் ஆசை உள்ளவர், முதல் ட்ரையத்லானுக்குத் தயாராகிறவர் ட்ராப் பார். ஏரோ பார் இல்லாமலும் கோவாவை முடிக்கலாம், தாராளமாக முடிக்கலாம். அப்படியும் வேண்டும் என்பவர், இருக்கும் கம்பியிலேயே கவ்வி மாட்டும் கிளிப் மாடலில் நீளம் குறைந்தது, இரண்டு நுனிகளும் ஒரு பாலத்தால் சேர்ந்தது கிடைத்தால் அதை வாங்குங்கள். உங்கள் கம்பி கார்பன் என்றால் அதில் ஏரோ பார் கிளாம்ப் போட அனுமதி உண்டா என்று கம்பெனி குறிப்பைப் பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும், பல கம்பிகளில் அனுமதி கிடையாது.

மாட்டியதும் ரோட்டுக்குப் போகாதீர்கள். முதுகும் கழுத்தும் அந்த நிலைக்குப் பழகுவது வீட்டில் ட்ரெய்னர் மேலேயே நடக்கட்டும், அந்தப் பயிற்சிக்கு ரோடு தேவையே இல்லை. அப்புறம் விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, காற்று இல்லாத நாளில், தனியாக, 200 மீட்டர் தூரம் முன்னால் எதுவும் இல்லை என்று கண்ணுக்குத் தெரியும் நேர்க்கோட்டில் மட்டும் படுங்கள். முன்னால் ஒரு வண்டி, ஓர் ஆள், ஓர் ஆடு, ஒரு சந்து, எது தெரிந்தாலும் கை ஹூட்ஸுக்கு வந்துவிட வேண்டும். தண்ணீர் எடுக்க வேண்டுமா, முதலில் ஹூட்ஸுக்கு வந்து, அப்புறம் ஒரு கையை எடுங்கள். புறப்படும் முன் இரண்டு பேடையும் உள்ளங்கையால் முழு எடை போட்டு அழுத்திப் பாருங்கள், நீட்டுக் கம்பியைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் அன்று கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், ட்ராப் பாரில் ஓட்டினாலும் அன்றைய பயிற்சி பயிற்சிதான்.